ஒரே வெயில், கறுத்த கை, செம்பட்டைக் கூந்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

முழங்கைக்குக் கீழே, கையின் வெளிப்பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம். சன்னலோரம் உட்கார்ந்து அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் நன்றாகக் கறுத்திருந்தது. அதே தோலில் முளைத்திருந்த பூனைமுடிகளோ பொன்கம்பி மாதிரி மின்னின. ஏழு மாதத்துக்கு முன்னால் அவை கறுப்பாகத்தான் இருந்தன.

இரண்டும் வாங்கியது ஒரே வெயில். இரண்டுக்கும் நிறம் தருவது மெலனின் என்கிற ஒரே நிறமி. அப்படியிருக்க, வெயில் ஒன்றைக் கறுக்க வைத்து, அதை ஒட்டியே இருக்கும் இன்னொன்றை வெளுக்க வைத்தது எப்படி? இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். ஆய்வுக்கு உட்பட்ட ஆள் நானேதான். ஒரே ஓர் ஆளை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே தெரிந்த அறிவியலைச் சொந்த உடம்பில் தேதி போட்டுப் பார்ப்பதில் ஒரு தெளிவு கிடைக்கிறது.

பின்னணி

வயது 39, பெண். மாநிறம். வெயிலில் தோல் எளிதில் சிவந்து எரியாது, ஆனால் சீக்கிரம் கறுக்கும். தோல் மருத்துவர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வகுத்தது. வெயில் பட்டால் தோல் எரிகிறதா, கறுக்கிறதா என்பதை வைத்து ஆட்களைப் பிரிக்கும். முதலில் வெளிர்தோலை மட்டும் மனத்தில் வைத்து உருவானது. பழுப்பு, கறுப்புத் தோலுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகுதான் வந்து சேர்ந்தன. அதில் நான் ஐந்தாம் வகை.

தலைமுடி கறுப்பு, நேர்முடி, நீளம் 61 செ.மீ. சாயமோ வெளுக்கும் மருந்தோ பட்டதில்லை. தொடர்ந்து எடுக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. பல வருடம் அறைக்குள் மேசை வேலை பார்த்துவிட்டு, ஏழு மாதம் திறந்தவெளியில் நில அளவை வேலைக்குப் போனேன். காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை. அரைக்கைச் சட்டை, இடது மணிக்கட்டில் வாட்ச், காலில் வார்ச்செருப்பு, தலைமுடி குதிரைவால். தொப்பி இரண்டாவது நாளே காற்றில் பறந்து போனது. இன்னொன்று வாங்க நாலு மாதம் ஆனது. அதற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது.

பார்த்த முறை

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, நேர்வெயில் விழாத ஒரே சன்னலருகில் கையைப் படம் எடுத்தேன். பக்கத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத்தாள். ஃபோன் கேமரா தன் இஷ்டத்துக்குத் தோலைப் பளபளப்பாக்கிவிடும். தாள் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்தால்தான் பக்கத்தில் இருக்கும் தோலின் நிறத்தை நம்பலாம். ஒப்பிட்டுப் பார்க்க, வெயிலே படாத இடமாக அக்குளை ஒட்டிய மேல்கையின் உட்புறத்தை வைத்துக்கொண்டேன். பிறவி நிறம் என்னவென்று தெரிய அதைவிட நல்ல இடம் இல்லை. சீப்பில் வந்த முழு முடிகளை வெள்ளை அட்டையில் நீளவாக்கில் ஒட்டி, வேர் எந்தப் பக்கம் என்று குறித்துவைத்தேன்.

தோலில் நடந்தது

முதல் நாள் மாலை கை சாம்பல் பூத்த மாதிரிக் கறுத்திருந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் குளித்தேன், போகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பெரும்பாலும் மறைந்திருந்தது. நாலாம் நாள் வாக்கில் வேறு மாதிரியான கறுப்பு, கொஞ்சம் பழுப்பு கலந்தது, ஏறத் தொடங்கியது. அது போகவில்லை. மூன்றாவது வாரம் வாட்சைக் கழற்றினால் ரூலர் வைத்துக் கோடு போட்டது போல ஒரு வெளிர்பட்டை. பாதத்தின் மேல்பக்கம் செருப்பு வாரின் வடிவத்தில் இன்னொன்று. உள்ளங்கை கடைசிவரை மாறவே இல்லை.

முதல் நாள் கறுப்பும் நாலாம் நாள் கறுப்பும் ஒன்றல்ல என்பதுதான் இதில் முக்கியம். பூமிக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 95 சதவீதம் யூ.வி.ஏ. அலைநீளம் 315 முதல் 400 நானோமீட்டர். மிச்சம் யூ.வி.பி., 280 முதல் 315 வரை. முதல் நாள் வேலையைச் செய்தது முக்கியமாக யூ.வி.ஏ. அது தோலில் ஏற்கெனவே இருக்கும் மெலனினை ஆக்ஸிஜனேற்றம் செய்து கறுக்க வைக்கிறது, இருக்கும் நிறமியை இடம் மாற்றிப் பரப்புகிறது. புதிதாக ஒரு துளி நிறமிகூட உண்டாவதில்லை. பெட்டியில் இருந்த துணியை எடுத்து விரித்துப் போட்ட கணக்குத்தான். அதனால்தான் சில மணி நேரத்தில் கலைந்துவிடுகிறது. வெயில் அதிகமானால் ஓரிரு நாள் நீடிக்கும்.

இரண்டாவது கறுப்புக்குப் பின்னால் இருக்கும் கதை கொஞ்சம் சங்கடமானது. யூ.வி.பி. கதிர் மேல்தோல் செல்களின் டி.என்.ஏ.வில் நேரடியாகப் பட்டு அதைச் சேதப்படுத்துகிறது. சேதத்தைக் கண்டதும் பி53 என்கிற புரதம் விழித்துக்கொள்கிறது. புற்றுநோயைத் தடுப்பதில் பெயர் வாங்கிய அதே பி53தான். அது ஒரு ஹார்மோன் மூலப்பொருளுக்கான மரபணுவை முடுக்கிவிட, அதிலிருந்து மெலனின் தூண்டும் ஹார்மோன் வெளிவந்து, பக்கத்தில் இருக்கும் நிறமிச் செல்லின் கதவைத் தட்டுகிறது. மேல்தோல் செல்லின் பி53தான் இந்தச் சங்கிலியைத் தொடங்கிவைக்கிறது என்று 2007-ல் டேவிட் ஃபிஷரின் ஆய்வுக் குழு காட்டியது. அதாவது நிறம் ஏறியிருக்கிறது என்றால் அடி விழுந்து முடிந்துவிட்டது என்று பொருள். அழகுக்காக வெயிலில் காய்ந்து நிறம் ஏற்றிக்கொள்கிறவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், வேறு வழியில்லை.

கதவு என்று சொன்னேனே, அதன் பெயர் எம்.சி.1.ஆர். சிவந்த தலைமுடி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கதவின் அமைப்பு மாறியிருக்கும். ஹார்மோன் எவ்வளவு தட்டினாலும் சரியாகத் திறக்காது. அதனால் அவர்கள் தோல் எரியும், கறுக்காது.

மேல்தோலின் அடிவரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு நிறமிச் செல், தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 தோல்செல்களுக்கு மெலனினைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக் கொடுக்கிறது. வாங்கிய செல் அதைக் கண்டபடி போட்டுவைப்பதில்லை. தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாக, குடை விரித்த மாதிரி அடுக்குகிறது. நுண்ணோக்கிப் படத்தில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது நிஜமாகவே மலைத்துப்போனேன். நிறமிச் செல்களின் எண்ணிக்கை வெளிர்தோலிலும் கறுந்தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது இன்னொரு ஆச்சரியம். பொட்டலத்தின் அளவும், அதில் என்ன வகை மெலனின் இருக்கிறது என்பதும், எப்படி விநியோகமாகிறது என்பதும்தான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

இந்தத் தயாரிப்பும் விநியோகமும் நடந்து முடிய நாளாகும். வெயில் பட்ட இரண்டு மூன்று நாள் கழித்துக் கறுப்பு தலைகாட்டுவதும், வாரக்கணக்கில் ஏறுவதும் அதனால்தான். என் கையில் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குப் பிறகு ஏற்றம் நின்றுவிட்டது. புதிய நிறமியே வெயிலைத் தடுக்க ஆரம்பித்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் அந்தத் தடுப்பு பெரிய கவசம் ஒன்றும் இல்லை. வெயிலில் ஏறிய நிறம் தரும் பாதுகாப்பு, சன்ஸ்கிரீன் டியூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். என்கிற பாதுகாப்பு எண் கணக்கில், 2 முதல் 4 வரைதான்.

ஐந்தாம் மாதம் சன்ஸ்கிரீன் பூச ஆரம்பித்தேன். கை நிதானத்துக்கு வந்தது. கன்னம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது. ‘போலி டியூப்’ என்று கடுப்பானேன். விஷயம் வேறு. மாநிறத்துக்கு மேற்பட்ட தோலைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுக்க வைக்கும். வெளிர்தோலில் அது நடப்பதில்லை. 2010-ல் வந்த ஆய்வு ஒன்று இரண்டு வகைத் தோலிலும் வெளிச்சத்தைப் பாய்ச்சி இதைக் காட்டியது. நீல ஒளியை உணரும் ஆப்சின்-3 என்கிற ஏற்பி நிறமிச் செல்லிலேயே இருப்பதும் பிறகு தெரியவந்தது. பூசினால் கண்ணுக்குத் தெரியாத சன்ஸ்கிரீன், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை எப்படித் தடுக்கும்? யோசித்தால் சிரிப்பு வருகிறது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகைதான் அதைத் தடுக்கும்.

உள்ளங்கை மாறாததற்குத் தடித்த மேல்தோல் பாதிக் காரணம். அங்கே நிறமிச் செல்கள் குறைவு என்பதும், கீழேயுள்ள அடித்தோல் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் அவற்றை அடக்கி வைக்கிறது என்பதும் மீதி.

கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண சன்னல் கண்ணாடி யூ.வி.பி.யைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், யூ.வி.ஏ.வை விட்டுவிடும். 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 69 வயதுக்காரர் ஒருவரின் படம் வந்தது. 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டியவர். முகத்தின் இடது பாதி தடித்து, சுருங்கி, பள்ளம் பள்ளமாக இருக்கும். வலது பாதி அவர் வயதுக்கு ஏற்றபடி இருக்கும். ஒரே முகத்தில் இரண்டு வயது. சன்னல் பக்கம் இடப்பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். என் ஏழு மாதம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

முடியில் நடந்தது

முதல் இரண்டு மாதம் முடியில் எதுவும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் கையின் பூனைமுடி நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. தலைமுடியில் ஆறாம் மாதம்தான் கவனித்தேன். குதிரைவாலின் மேலடுக்கு, அதிலும் கடைசி ஒரு சாண், செம்பட்டை. கட்டை அவிழ்த்து உள்ளடுக்கைப் பார்த்தால் அதே நீளத்தில் கறுகறுவென்று இருந்தது. பிடரியை ஒட்டி வளர்ந்த முடி நுனிவரை மாறவில்லை.

இங்கேதான் கேள்விக்கு விடை இருக்கிறது. மயிர்க்காலுக்குள் இருக்கும்வரைதான் முடிக்கு உயிர். அங்கே இருக்கும் நிறமிச் செல்கள் வளரும் முடிக்குள் மெலனினைத் திணித்து அனுப்புகின்றன. தோலுக்கு வெளியே தலைநீட்டிய பிறகு அது செத்த புரதக் கம்பி. நரம்பு இல்லை, ரத்தம் இல்லை, டி.என்.ஏ. சேதத்தைப் பார்த்துப் பதறி எழ பி53 இல்லை. கொடுத்தனுப்பிய மெலனின், எடையில் 3 சதவீதத்துக்கும் குறைவு, தீர்ந்தால் தீர்ந்ததுதான். நிரப்ப ஆள் கிடையாது. தோல் வெயிலுக்குப் பதில் சொல்லும். முடியால் வாங்கிக்கொள்ள மட்டும்தான் முடியும்.

வாங்கிக்கொண்டு என்ன ஆகிறது? மெலனின் ஒளியை உறிஞ்சும்போது ஆக்ஸிஜனின் வீரியமான வடிவங்கள் பிறக்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடும் அதில் உண்டு. முடியை வெளுக்க அழகு நிலையத்தில் பூசும் அதே சரக்கு. அவை மெலனினையே திருப்பித் தாக்கி, அதன் வளையங்களை உடைத்து, நிறமற்ற துண்டுகளாக்குகின்றன. உண்மையில் தோலிலும் மெலனினை வெயில் இப்படிச் சிதைக்கத்தான் பார்க்கும். ஆனால் அங்கே உற்பத்தி அதைவிட வேகமாக நடப்பதால் கணக்கு கறுப்புப் பக்கம் சாய்கிறது. முடியில் வரவு இல்லை, செலவு மட்டும்.

ஈரம் இந்த வேலையை வேகப்படுத்தும். மதியச் சூடு தாங்காமல் தினமும் தலையை நனைத்துக்கொண்டு மறுபடி வெயிலில் போய் நின்றது நான் செய்த பெரிய தப்பு என்று இப்போது தோன்றுகிறது. நிறத்தைக் குலைப்பதில் யூ.வி.ஏ.வுக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு அதிகம். யூ.வி.பி. மேலோட்டமான புரதத்தைத்தான் அதிகம் கெடுக்கும். சொரசொரப்பும் நுனி வெடிப்பும் அதன் கைவரிசை.

ஏன் நுனி மட்டும், உச்சந்தலை ஏன் இல்லை? வெயில் நேராக விழுவது உச்சியில்தானே. இதை யோசிக்க எனக்கு நேரம் பிடித்தது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியென்றால் வேரிலிருந்து 61 செ.மீ. தள்ளியிருக்கும் நுனி ஐந்து வருடத்துக்கு முன்னால் பிறந்தது. ஐந்து வருடச் சீப்பும் துவைப்பும் அதன் மேலோட்டுச் செதில்களைத் தேய்த்துவிட்டன. உச்சியில் இருப்பது நேற்று முளைத்தது மாதிரி, செதில் மூடிய புது முடி. வெயில் இரண்டிலும் விழுந்தது, நுனியில்தான் உள்ளே புகுந்தது.

சரி, கறுப்பு குறைந்தால் சாம்பல் ஆகாமல் ஏன் செம்மை தட்டுகிறது? கறுப்பு மெலனின் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் உறிஞ்சும். நிறைய இருக்கும்போது எல்லா ஒளியையும் விழுங்கிவிடுவதால் கறுப்பாகத் தெரிகிறது. மெலிந்துபோனால் சிவப்பு கொஞ்சம் தப்பித்து வெளியே வரும். அட்டையில் ஒட்டிய முடியை விளக்கு வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தபோது வேர்ப்பக்கம் கறுப்பு, நடுவில் காப்பிப் பழுப்பு, நுனியில் செம்பு. ஒரே முடியில், எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாத அளவுக்கு மெல்ல மாறியிருந்தது.

வேறு காரணமாக இருக்கலாமா

“வெயிலெல்லாம் சும்மா சாக்குடி. ஒழுங்காச் சாப்பிட்டா முடி ஏன் செம்பட்டையாகுது?” இது அம்மாவின் முடிவு. சிரித்து ஒதுக்க முடியாது, அதில் நியாயம் உண்டு. கடுமையான புரதக் குறைபாட்டில், குவாஷியோர்கர் என்று சொல்வார்களே அதில், குழந்தைகளின் முடி செம்பட்டையாகும். சரியாகச் சாப்பிட்ட காலம், சாப்பிடாத காலம் என்று மாறி மாறி வந்தால் ஒரே முடியில் கறுப்பும் செம்மையும் பட்டை பட்டையாக விழும். மருத்துவர்கள் அதைக் கொடிக்குறி என்பார்கள்.

ஆனால் குறைபாடு முடியைத் தயாரிக்கும் இடத்தில் கைவைப்பது. குறைபாடு வந்த மாதத்தில் முளைத்த பகுதிதான் வெளுத்திருக்கும், அதுவும் மேலடுக்கு உள்ளடுக்கு என்ற பேதமில்லாமல் தலை முழுக்க. என் தலையில் வேர்ப்பக்கம் கறுப்பு, நுனி செம்பட்டை, நுனியிலும் மூடியிருந்த அடுக்கு கறுப்பு. ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. அம்மாவிடம் குதிரைவாலைப் பிரித்துக் காட்டினேன். உள்ளடுக்கைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, “அப்ப வெளியில இருக்கறது மட்டும் பட்டினியா?” என்றார். தோல்வியை ஒப்புக்கொள்ளும் விதம் அது.

தோலுக்கும் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. வெயிலில் போகாமலே கறுக்க வைக்கும் நோய்கள் உண்டு. அவற்றில் தவறவிடக்கூடாதது, தாமஸ் அடிசன் 1855-ல் விவரித்த அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு. அட்ரீனலை உசுப்பும் ஹார்மோனும் மெலனினைத் தூண்டும் ஹார்மோனும் ஒரே மூலப்பொருளிலிருந்து வெட்டியெடுக்கப்படுபவை. அட்ரீனல் படுத்துக்கொண்டால் உசுப்பும் ஹார்மோன் அளவில்லாமல் ஏறும். அதுவே நிறமிச் செல்லின் கதவையும் தட்டிவிடும். அப்போது கறுப்பு, வெயில் பட்ட இடத்தோடு நிற்காது. உள்ளங்கை ரேகை, ஈறு, வாயின் உட்புறம், பழைய தழும்பு என்று மூடிய இடங்களிலும் தெரியும். சோர்வும் எடை குறைவும் கூட வரும். என் ஈறு, ரேகை, அக்குள் எல்லாம் பழைய நிறத்திலேயே இருந்தன. வாட்ச் பட்டையின் விளிம்பு அவ்வளவு கூர்மையாக இருந்ததே பெரிய சாட்சி. ஹார்மோனுக்கு வாட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

பிறகு

வெளிவேலை முடிந்து அறைக்குள் திரும்பியபின் எட்டு மாதம் தொடர்ந்து பார்த்தேன். முதல் ஆறு வாரத்தில் கை கண்ணுக்குத் தெரியும்படி தெளிந்தது. மேல்தோல் செல்கள் கீழிருந்து மேலேறி உதிர்ந்துகொண்டே இருப்பதால் அவற்றில் இருந்த மெலனினும் சேர்ந்து உதிர்கிறது. அப்புறம் வேகம் குறைந்தது. ஏழாம் மாதக் கடைசியில் மணிக்கட்டுக் கோட்டை நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எட்டாம் மாதம் அதுவும் இல்லை. கன்னத்தில் மிளகளவு இரண்டு புள்ளிகள் மட்டும் நின்றுவிட்டன. அவை பொதுவான கறுப்போடு சேர்ந்து மங்கவில்லை. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, விளிம்போ நிறமோ மாறினால் வாருங்கள் என்றார்.

தலைமுடியில் ஒரு மில்லிமீட்டர்கூடத் திரும்பிக் கறுக்கவில்லை. வேரில் புதிதாக எட்டு சென்டிமீட்டர் வளர்ந்தது, கறுப்பாக. செம்பட்டை அதே செம்பட்டையாகக் கீழே இறங்கியது. கடைசியில் நுனியில் ஒரு சாண் வெட்டினேன்.

வெட்டிய கற்றையில், கறுப்பு மாறாத உள்ளடுக்கு முடி கொஞ்சம் எடுத்து அட்டையில் கட்டினேன். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு அலுமினியத் தாளைச் சுற்றி, மொட்டைமாடிச் சுவரில் வெயில் விழும் இடத்தில் வைத்து, காலையில் போகும்போது தண்ணீர் தெளித்துவிட்டுப் போவேன். நாலு மாதம் கழித்துத் தாளைப் பிரித்தேன். இரண்டு பக்கமும் பழுப்பேறி, நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை. அகலம்கூட என் வாட்ச் பட்டை அளவுதான். மணிக்கட்டில் மூடிய இடம் வெளுப்பு, திறந்த இடம் கறுப்பு. இதில் மூடிய இடம் கறுப்பு, திறந்த இடம் வெளுப்பு. ஒன்றின் நெகட்டிவ் இன்னொன்று. மணிக்கட்டுக் கோடு போய்விட்டது. அட்டையில் இருப்பது மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கிறது.